வாகை மரமும் வாணிகப் பெயரும்

வெற்றி பெற்றவரை ‘வாகை சூடினார்’ என்று எழுதாத கவிஞர் தமிழில் இலர். தேர்தலில் வென்றவரும் ஆடுகளத்தில் வென்றவரும் கவியரங்கில் பரிசு பெற்றவரும் நாள்தோறும் செய்தித்தாள்களில் வாகை சூடிய வண்ணமே உள்ளனர். அவ்வாறு சூடப்பெறும் பூ எந்நிறத்தது, அதனைத் தாங்கும் மரம் எத்தகையது, அம்மரத்தைத் தச்சர் எதற்குக் கொள்வர் என்று வினவினால், விடை கூற வல்லோர் மிகச் சிலரே. கொங்கு நாட்டுச் சாலையோரங்களிலும் தோட்டத்து வரப்புகளிலும் வளர்ந்து நிற்கும் மரத்திற்கே இந்நிலை என்பது வியப்புக்குரியது.

இம்மரத்திற்கு உலக மரச்சந்தையில் வேறொரு பெயர் உண்டு. ‘கிழக்கிந்திய வால்நட்’ என்பதே அது. தமிழ் இலக்கணம் ஒரு திணைக்கே பெயராக்கிப் போற்றிய மரம், பிறிதொரு நாட்டு மரத்தின் பெயரை இரவல் பெற்றுக் கடல் கடந்தது. இந்நிகழ்ச்சியின் பின்னணியை ஆராயுமிடத்து, மரவேலையின் வரலாறும் இலக்கிய வரலாறும் ஒன்றையொன்று தொட்டுச் செல்லும் இடங்கள் பல தென்படுகின்றன.

வால்நட் என்னும் மூலமரம்

வால்நட் என்பது நம் கடைவீதிகளில் அக்ரூட் என்று விற்கப்படும் பருப்பைத் தரும் மரமாகும். தாவர நூலார் இதனைச் சுக்லன்சு ரீசியா என்பர். குளிர்நாட்டு மரமாதலின் கொங்கின் வெயிலில் இது வளராது. இந்திய நாட்டில் இமயச் சாரலிலும், சிறப்பாகக் காசுமீரத்திலும் செழிக்கின்றது.

ஐரோப்பியத் தச்சர் இம்மரத்தின் மீது கொண்ட காதல் பெரிது. அதற்குக் காரணங்கள் உள. முதலாவது நிறம். இளம்பழுப்பிலிருந்து கருஞ்சாக்லேட் நிறம் வரை ஒரே பலகையில் பல சாயல்கள் அலையலையாக ஓடும். இரண்டாவது, உலர்ந்தபின் வடிவம் மாறாமை. மழையிலும் கோடையிலும் மரம் நீரை ஏற்றும் இறக்கும். அதனால் சட்டம் விரியும், சுருங்கும், முறுக்கிக் கொள்ளும். வால்நட் நன்கு உலர்ந்துவிட்டால் அத்தொல்லை குறைவு. மூன்றாவது, உளிக்கு இணங்கும் தன்மை. சிற்பி நுண்ணிய இதழொன்றைச் செதுக்கினும் ஓரம் சிதைவதில்லை. அதிர்ச்சியைத் தாங்கும் ஆற்றலும் கையில் பிடிக்க ஏற்ற எடையும் உடைமையால் துப்பாக்கியின் பின்கட்டைக்கு இதனையே பல நாட்டுப் படைகளும் நெடுங்காலம் தேர்ந்தன. கலைப்பொருளுக்கும் கொலைப்பொருளுக்கும் ஒரே மரம் உகந்ததாயிற்று.

ஏறத்தாழ 1660 தொடங்கி 1720 வரையிலான காலத்தை ஆங்கிலத் தளவாட வரலாற்றாசிரியர் ‘வால்நட் காலம்’ என்றே வழங்குவர். 1709 ஆம் ஆண்டுக் கடுங்குளிரில் ஐரோப்பாவின் வால்நட் மரங்கள் பெருவாரியாகப் பட்டுப்போயின. 1720 இல் பிரான்சு தன் மரத்தை வெளிநாட்டிற்கு அனுப்பத் தடை விதித்தது. ஆங்கிலத் தச்சர் மகாகனி மரத்திற்கு மாறினர். ஆயினும் அப்பெயரின் மதிப்பு மாறவில்லை.

காசுமீரத்தில் வால்நட் செதுக்கு வேலை 15 ஆம் நூற்றாண்டில் ஆண்ட சைனுலாபிதீன் காலத்தில் தழைத்தது என்பது மரபு. அங்குள்ள கைவினைஞர் ஒரே மரத்தின் வேர்க்கட்டையையும் அடிமரத்தையும் கிளையையும் வேறுவேறாக மதிப்பர். வேர்ப்பகுதி நிறமும் கோலமும் மிக்கது, கிளை வெளிறியது. சினார் இலையும் தாமரையும் திராட்சைக் கொடியும் அவர்தம் உளியில் மலர்கின்றன. பருப்புத் தரும் மரத்தைப் பலகைக்காக வெட்டிவிடுவர் என்னும் அச்சத்தால், குறிப்பிட்ட மரங்களைக் காக்கும் சட்டம் ஒன்று சம்மு காசுமீரத்தில் 1969 இல் இயற்றப்பட்டு, வால்நட்டை வெட்ட இசைவு பெறுதல் கட்டாயமாயிற்று. வாகைக்கு இவ்வாறு ஒரு காவல் இருந்ததுண்டா என்னும் வினாவிற்குச் சங்க இலக்கியத்தில் விடை உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

பெயர் பரவிய வகை

மதிப்புள்ள பெயரை வணிகர் சும்மா விடுவதில்லை. பழுப்பு நிறமும் கருவரிகளும் எம்மரத்தில் தென்பட்டனவோ அம்மரமெல்லாம் வால்நட் ஆயிற்று. ஆப்பிரிக்க வால்நட் என்பது வேம்பின் குடும்பத்தைச் சார்ந்தது. குயின்சுலாந்து வால்நட் என்பது இலவங்கத்தின் குடும்பத்தது. இவ்வரிசையில் அவரைக் குடும்பத்தைச் சார்ந்த நம் வாகை கிழக்கிந்திய வால்நட் ஆயிற்று. இலக்கணம் பயின்றோர் இதனை உவமையாகுபெயர் என்று எளிதில் அடையாளம் காண்பர். உவமைக்கு ஒப்புமை ஓரிடத்தில் இருந்தாற் போதும். வணிகருக்கும் அதுவே போதுமானதாயிற்று. அவ்வொப்புமை நிறம் ஒன்றே.

பெருமளவு வாகை கப்பலேறியது தமிழகத்திலிருந்து அன்று, அந்தமானிலிருந்து. போர்ட்பிளேயரை அடுத்த சாத்தம் தீவில் 1883 இல் மரம் அறுக்கும் ஆலை நிறுவப்பட்டது. அங்குப் படாக்கு, கர்சன் முதலிய மரங்களுடன் ‘கொக்கோ’ என்னும் மரமும் அறுபட்டது. கொக்கோ என்பது வாகையின் பர்மியப் பெயர். அந்தமான் காடுகளில் நெடிது வளர்ந்த வாகை, அகன்ற பலகை தருவதாயிருந்தது.

பெயர்களின் கதை இத்துடன் முடிவதில்லை. அல்பிசியா லெபெக் என்பது இதன் தாவரப் பெயர். 1753 இல் லின்னேயசு இதனை மிமோசா இனத்தில் வைத்தார். 1844 இல் பெந்தாம் இப்போதைய இனத்திற்கு மாற்றினார். அல்பிசியா என்பது 18 ஆம் நூற்றாண்டில் இவ்வினத்து மரமொன்றை ஐரோப்பாவிற்குக் கொணர்ந்த புளோரன்சு நகரப் பெருமகன் அல்பிசியின் பெயர். லெபெக் என்பது அரபுச் சொல்லின் திரிபு. ஆக, அறிவியற் பெயரில் இத்தாலியும் அரபும், வணிகப் பெயரில் ஆங்கிலமும் பர்மியமும் இடம்பெற்றன. தமிழுக்கு இடமில்லை.

வடமொழியில் இது சிரீடம். காளிதாசர் இப்பூவை மென்மையின் எல்லையாகக் கொண்டு மகளிர் மேனிக்கு உவமை கூறுவார். சாகுந்தலத்தில் மகளிர் இதனைச் செவியில் அணிவர். பௌத்த மரபில் கௌதமருக்கு முந்திய புத்தர்களுள் ஒருவரான ககுசந்தர் ஞானம் பெற்றது இம்மரத்தடியில். ஒரே பூவை வடபுலம் மென்மைக்கும் தென்புலம் போர் வெற்றிக்கும் அடையாளமாக்கியது ஒப்பிலக்கிய ஆய்வாளர் எண்ணத்தக்க செய்தி. கரீபியத் தீவுகளிலோ ஆங்கிலேயர் இதனைப் ‘பெண்ணின் நாக்கு’ மரம் என்றனர். உலர்ந்த காய்கள் காற்றில் ஓயாது சலசலப்பதே காரணமாம். பெயரிட்டவர் ஆடவர் என்பதைக் கூறவேண்டுவதில்லை.

அவ்வோசையையே குறுந்தொகையின் ஏழாம் பாடல் வேறுவகையாகக் கேட்டது. பெரும்பதுமனார் பாடிய அப்பாலைப் பாட்டில், காதலனும் காதலியும் தனியே செல்லும் சுரத்தில் வாகையின் வெண்ணெற்றுகள் ஒலிக்கின்றன. கயிற்றின்மேல் ஆடும் ஆரியக் கூத்தர்க்குக் கொட்டும் பறையொலி அவ்வொலிக்கு உவமையாகின்றது. கயிற்றில் நடப்பதும் பாலையில் நடப்பதும் அடி தவறினால் கேடு பயப்பன அல்லவா? கரீபியத்தார் வம்பளப்பைக் கேட்ட இடத்தில் தமிழ்ப் புலவர் இடர்நிறைந்த ஒரு பயணத்தின் தாளத்தைக் கேட்டார்.

காவல் மரமும் முரசும்

தொல்காப்பியம் வாகையைப் பாலைக்குப் புறனாக வைக்கின்றது. அகத்திற் பாலை, புறத்தில் வாகை என்னும் இணைப்பு உரையாசிரியர்களால் பலபட விளக்கப்பெற்றுள்ளது. மரத்தை அறிந்தவர்க்கு இன்னொரு பொருத்தமும் புலனாகும். வாகை இலையுதிர்த்து வெறுங்கிளையுடன் நெற்று ஒலிக்க நிற்பது முதுவேனிலுக்கு முந்திய வறட்சிக் காலத்தில். பூத்துக் குலுங்குவது வேனிலில். பாலைக்குரிய காலத்திலேயே வாகை தன் பூவைச் சூடிக்கொள்கின்றது. பூவின் உருவையும் புலவர் கூர்ந்து நோக்கினர். இதழ் பெரிதாகத் தோன்றாமல் கேசரங்களே குஞ்சமாக விரியும் அப்பூவை மயிலின் உச்சிக்கொண்டையோடு ஒப்பிட்டனர். நிறம் வெண்மையும் இளம்பச்சையும் மஞ்சளும் கலந்தது; மணம் இனிது. மேடைகளில் வாகைமாலை என்று சூட்டப்படும் செம்பூமாலைகளுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

வாகைத் திணை போர்க்கள வெற்றியை மட்டும் கூறுவது என்பது பரவலான பிழைக்கருத்து. அவரவர் தத்தம் தொழிலில் பிறரினும் மேம்பட்டு விளங்குதலே தொல்காப்பியர் கருதிய வாகை. ஆதலின்தான் அத்திணையில் அரசர்க்கும் பொருநர்க்கும் மட்டுமன்றி அறிவர்க்கும் தாபதர்க்கும் இடம் கிடைத்தது. தேரோர் களவழிக்கு முன்னால் ஏரோர் களவழி கூறப்படுவதும் நோக்கத்தக்கது. நெற்களத்தில் நிற்கும் உழவனுக்கும் அத்திணையில் இடமுண்டு என்றால், உளி பிடித்த தச்சனுக்கும் இடமுண்டு என்று கொள்வதில் தவறில்லை.

சங்க காலத்தில் ஒவ்வொரு குறுநில மன்னனுக்கும் காவல் மரம் இருந்தது. பகைவர் அதனைத் தொடுதலும் இழிவு. நன்னனின் காவல் மரம் வாகை. களங்காய்க்கண்ணி நார்முடிச் சேரல் நன்னனை வாகைப் பெருந்துறைப் போரில் வென்று அவ்வாகையை அடியோடு வெட்டினான் என்பதைக் காப்பியாற்றுக் காப்பியனார் பாடிய பதிற்றுப்பத்தின் நான்காம் பத்து தெரிவிக்கின்றது. வெற்றிக்குச் சூடும் பூவைத் தரும் மரமே வெற்றியின் பொருட்டு வெட்டப்பட்டது. காவல் மரங்களை வெட்டிய வேந்தர் அவற்றால் முரசு செய்தனர். இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் பகைவர் கடம்பை வெட்டி முரசாக்கினான். செங்குட்டுவன் பழையனின் வேம்பை வெட்டி முரசுக்கு ஏற்ற துண்டுகளாக்கினான். நன்னனின் வாகை முரசாயிற்றா என்பதைப் பாடல் கூறவில்லை. அதற்கு ஏற்ற மரம் அது என்பதை மட்டும் தச்சு அறிந்தோர் ஒப்புவர். குடைந்தாலும் எளிதில் பிளவாத மரம் வாகை.

வேந்தன் வெட்டு என்றான். வெட்டியவன் யார், குடைந்தவன் யார் என்பதைப் பாடல்கள் சொல்லா. புலவர் பாடியது கோடரியின் வெற்றியை; உளியின் திறத்தைக் கல்வெட்டுகளில்தான் தேட வேண்டியுள்ளது.

கரூர்ப் பசுபதீசுவரர் கோயிலில் அவ்வாறான ஒரு கல்வெட்டு உண்டு. கொங்குச் சோழர் காலத்துக் கோனேரின்மைகொண்டான் ஒருவன் வெங்கால நாட்டுக் கம்மாளர்க்கு வழங்கிய ஆணை அது. தன் பதினைந்தாம் ஆட்சியாண்டின் ஆடித் திங்கள் முதல் அவர்தம் நல்லதற்கும் கெட்டதற்கும் இரட்டைச் சங்கு ஊதிப் பேரிகை கொட்டிக் கொள்ளலாம். வெளியே செல்லும்போது செருப்பு அணியலாம். வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்பன அவ்வாணையின் உரிமைகள். கொடுக்கப்பட்ட உரிமைகளைப் படிக்கும்போது அதற்கு முன்பு மறுக்கப்பட்டவை தாமே வெளிப்படுகின்றன. மன்னர் ஏறிய தேரையும் இறைவன் ஏறிய தேரையும் செய்த கைகள், தம் காலுக்குச் செருப்பணிய அரசாணையை எதிர்நோக்கி நின்றன. பேரிகையின் குடத்தைக் குடைந்தவன் தன் வீட்டுத் திருமணத்தில் அதனைக் கொட்ட இசைவு வேண்டியிருந்தது. தத்தம் தொழிலில் மேம்படுதலே வாகை என்ற இலக்கணம் ஏட்டில் இருந்தது.

மரத்தின் தன்மை

மரம் என்பதை வைரம் கொண்டு பகுத்தவர் தொல்காப்பியர். உள்ளே வைரமுடையது அகக்காழ், புறத்தே வைரமுடையது புறக்காழ். வாகை அகக்காழுக்கு நல்ல சான்று. அடிமரத்தை அறுத்துப் பார்த்தால் வெளிவட்டம் வெளிறி அகன்றும், உள்வட்டம் கரும்பழுப்பாகவும் இருக்கும். இவ்விரண்டுக்கும் இடையிலான எல்லை கோடு கிழித்தாற்போல் தெளிவானது. வெளிறு பூச்சிக்கு இரையாகும்; வைரம் நெடுநாள் உழைக்கும். வெளிறை நீக்காமல் விற்பதும் வாங்குவதும் பின்னர்ப் பூசலுக்கு இடமாகும்.

உலர்ந்த வாகை வைரம் கன மீட்டருக்கு ஏறத்தாழ 600 முதல் 700 கிலோ எடையுடையது, வால்நட்டும் அவ்வளவினதே. நிறமும் எடையும் இவ்வாறு ஒத்திருக்க, மற்றவற்றில் இரண்டும் வேறுபடுகின்றன. வால்நட்டின் இழை நேராக ஓடும். வாகையின் இழை ஓர் அடுக்கில் வலமாகவும் அடுத்த அடுக்கில் இடமாகவும் பின்னிக் கிடக்கும். இழைப்புளி ஒரு திசையில் வழுக்கிச் செல்லும். ஒரு சாண் தள்ளி அதே திசையில் செதில் பெயர்த்துவிடும். துளைகள் பெரியவை, மெருகிடுமுன் அவற்றை அடைத்தல் வேண்டும். நுண்ணிய செதுக்கு வேலைக்கு இது ஏலாது. அறுக்கும்போது பறக்கும் தூள் மூக்கில் ஏறித் தும்மலைத் தொடர்ந்து வருவிக்கும் என்பது மரம் அறுப்போர் யாவரும் அறிந்தது. காசுமீரக் கைவினைஞரிடம் வாகைப் பலகையைக் கொடுத்து வால்நட் என்றால், முதல் இழைப்பிலேயே அவர் உண்மையை உணர்ந்துவிடுவார்.

ஆயின் பின்னிய இழை குறையா, குணமா என்பது செய்யும் பொருளைப் பொறுத்தது. நேரிழை மரம் அழகாக இழைபடும். அடி விழுந்தால் அவ்விழை வழியே பிளந்தும் போகும். பின்னிய இழையுள்ள மரத்தில் பிளவு ஓட வழியில்லை. இடையறாத அழுத்தமும் உராய்வும் தாங்கவேண்டிய பொருளுக்கு இத்தகைய மரமே வேண்டும். காம்பிள் என்னும் வன அதிகாரி எழுதிய இந்திய மரங்கள் பற்றிய கையேடு 1881 இல் வெளிவந்தது. வாகையின் பயன்களாக அவர் கூறுவனவற்றுள் கரும்பாலை, எண்ணெய்ச் செக்கு, கிணற்றின் அடிவளையம், வண்டிச் சக்கரம் ஆகியன அடங்கும். நான்கும் பாரமும் அதிர்வும் தாங்குவன. இவற்றுள் கிணற்றின் அடிவளையம் மணற்பாங்கான நிலத்தில் கிணற்றுச் சுவரை இறக்க உதவுவது. கொங்கின் பாறைக் கிணறுகளுக்கு அது தேவைப்படுவதில்லை.

செக்கு

கொங்கு நாட்டு மானாவாரி நிலங்கள் எள்ளும் கடலையும் ஆமணக்கும் விளைந்தவை. எண்ணெய் எடுத்தல் இங்குத் தொன்மையான தொழில். சோழர் கல்வெட்டுகளில் கோயில் விளக்குகளுக்கு எண்ணெய் அளந்த சங்கரப்பாடியார் என்னும் வணிகரின் பெயர் பயில்கின்றது. கல்லிற் குடைந்த செக்குகள் சில ஊர்களில் எழுத்துப் பொறிப்புடன் எஞ்சியுள்ளன. மரச்செக்குகளுக்கு அவ்வாய்ப்பு இல்லை. தேய்ந்தவை அடுப்பிற்குச் சென்றன. வரலாறு கல்லுக்குத் தரும் சலுகையை மரத்திற்குத் தருவதில்லை.

செக்கின் உரல் நிலத்தில் ஆழப் பதிந்திருக்கும். உலக்கை சாய்ந்து அதனுட் சுழலும். மாடு வட்டமிட, உலக்கை வித்தை உரலின் சுவரோடு அழுத்தி நசுக்கும். அழுத்தம் ஒருபுறமாகவே விழுந்து அது சுற்றிச்சுற்றி வருதலால், சாதாரண மரம் ஓரிடத்தில் வாய்விட்டுவிடும். இங்குதான் வாகையின் பின்னிய இழை கைகொடுத்தது. தச்சனின் இழைப்புளிக்குப் பகையாக இருந்ததே செக்கானுக்கு உறவாயிற்று.

செக்கு என்றவுடன் கோவை மக்கள் நினைவில் எழுவது ஒரு சிறைச்சாலை. 1908 முதல் 1910 வரை கோவை மத்திய சிறையில் இருந்த வ. உ. சிதம்பரனார் அங்குச் செக்கிழுக்க வைக்கப்பட்டார். தூத்துக்குடியில் கப்பல் நிறுவனம் கண்டவர் மாட்டின் இடத்தில் நின்றார். 1906 இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தமான் சிறையிலும் அரசியற் கைதிகள் செக்கில் பூட்டப்பட்டனர். அத்தீவிலிருந்து கொக்கோ மரம் கிழக்கிந்திய வால்நட் என்னும் பெயருடன் சீமைக்குப் போய்க்கொண்டிருந்த காலமும் அதுவே. தொழிலில் மேம்படுதலைக் குறித்த மரமும், உழைப்பைத் தண்டனையாக்கிய கருவியும் ஒரே காலத்தில் ஒரே ஆட்சியின் கணக்கேட்டில் இருந்தன.

பின்னர் வந்த மாறுதல்கள் விரைவானவை. 1870களில் பீகாரில் உருவான இரும்புக் கரும்பாலை, மர ஆலையை நாடெங்கும் விரட்டியது. 1932 இல் பைக்காரா மின்சாரம் வந்தபின் கோவை வட்டாரத்தில் ஆலைகள் பெருகின. தோட்டங்களில் கவலை இறைப்பு மெல்ல ஓய்ந்து மின்விசைப் பம்பு வந்தது. எண்ணெய் பிழியும் இரும்புப் பொறிகள் ஊர்ச் செக்குகளை முடக்கின. மாட்டு வண்டிக்குக் காற்றடைத்த சக்கரம் வந்ததும் மரச்சக்கரத்தின் குடமும் ஆரக்காலும் வட்டையும் சொற்களாக மட்டும் எஞ்சின. வாகை விறகாயிற்று. வெள்ளாட்டுக்குத் தழையாயிற்று. அதன் தழை சத்து மிக்க தீவனம் என்பதை ஆடு வளர்ப்போர் மறக்கவில்லை.

மரத்தை நினைவில் வைத்திருக்கும் மற்றொரு பழக்கமும் கொங்கில் உண்டு. எண்ணெய்க் குளியலுக்குத் தலையில் தேய்க்கும் அரப்பு, வாகையின் உடன்பிறப்பான ஊஞ்ச மரத்தின் இலைத்தூள். நூல்கள் அதனை உசில் என்னும். செக்கில் எண்ணெய் எடுக்க ஒரு வாகையினமும் அவ்வெண்ணெயைத் தலையிலிருந்து போக்க மற்றொரு வாகையினமும் உதவிய வாழ்வு அது.

கடந்த சில ஆண்டுகளாக மரச்செக்கு எண்ணெய்க்கு மீண்டும் மதிப்பு வந்துள்ளது. மாட்டிற்கு மாறாக மின்விசை. உரலும் உலக்கையும் மட்டும் மரம். ‘வாகை மரச்செக்கு’ என்று கடைப்பலகையிலேயே எழுதுகின்றனர். வாகையின் மருத்துவ குணம் எண்ணெயில் இறங்குவதாகவும் சிலர் கூறுவர். அது மிகை. எண்ணெய் சூடேறாமல் இருப்பதற்கு மெதுவான சுழற்சியே முதற்காரணம். வாகை அங்கு இருப்பதற்குக் காரணம் அது பிளவாது என்பதே. நெடுங்காலம் தச்சர் கண்டறிந்து வைத்த இவ்வொரு குணமே பெருமைக்குப் போதுமானது; கூடுதலாக எதனையும் ஏற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கவலை வேறிடத்தில் உள்ளது. உரலுக்கு ஏற்ற பருமனும் வைரமும் கூடிய வாகை ஒரு தலைமுறைக் காலத்தில்தான் உருவாகும். சாலைகளை அகலப்படுத்தும் பணியில் வீழ்பவை பெரும்பாலும் அத்தகைய முதிர்ந்த மரங்களே. கேட்பு ஏறுகின்றது; மரம் குறைகின்றது.

இந்நிலையில் வணிகம் பழைய வழியையே நாடுகின்றது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த தூங்குமூஞ்சி மரத்தைச் சிலர் தூங்குவாகை என்பர். அச்சொல்லின் முன்பாதி நழுவிவிட்டால் அதுவும் வாகையாகிவிடும். வால்நட் என்று வாகை விற்றது போல வாகை என்று தூங்குமூஞ்சி விற்கின்றது. அதன் மரம் வாகையினும் மென்மையானது. நாற்காலிக்கு உதவும், உரலின் அழுத்தத்திற்கு ஈடுகொடாது. பல கவிதைகளில் வாகை என்று வருணிக்கப்படும் இளஞ்சிவப்புப் பூங்குஞ்சமும் அதற்குரியதே.

இரண்டையும் பிரித்தறிதல் கடினமன்று. இரண்டுமே மாலையில் இலை கூம்புவனவாதலின் அதனைக் கொண்டு துணிதல் இயலாது. பூ சிவந்திருப்பின் தூங்குமூஞ்சி. காய் கறுத்துத் தடித்து இனிய சதையுடன் இருப்பினும் அதுவே. மாடுகள் அதனை விரும்பித் தின்னும். வாகையின் காய் ஒரு சாண் அளவு நீண்டு, தட்டையாய், வைக்கோல் நிறத்தில், உள்ளே விதை தளர்ந்து கிடக்கும். மாசியிலும் பங்குனியிலும் இலையற்ற கிளைகளில் அக்காய்கள் உதிராமல் தொங்கிக்கொண்டிருக்கும். சிறுகாற்று வந்தாலும் பெரும்பதுமனார் கேட்ட அந்தப் பறை ஒலிக்கத் தொடங்கிவிடும்.